முன் நீரிழிவு: கேள்வித்தாள் எதுவரை, ரத்தப் பரிசோதனை எதுவரை?

சர்க்கரை நோய் வந்தவர்களில் பலருக்கு அது எப்போது வந்தது என்று சொல்லத் தெரியாது. அதற்கு முந்தைய கட்டமான முன் நீரிழிவில் இருப்பவர்களுக்கோ அப்படி ஒரு கட்டம் இருப்பதே தெரியாது. தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை இறங்குவது என்று நாம் கேள்விப்பட்டிருக்கும் அறிகுறிகள் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரை நன்றாக ஏறிய பிறகு வருபவை. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடத் தொடங்கும். முன் நீரிழிவுக்காரர்களின் வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்கும் 125-க்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும். உடம்பு காட்டிக்கொடுக்க அதில் ஒன்றுமே இல்லை. நாமாகத் தேடினால்தான் உண்டு.

தேடாததால் எத்தனை பேர் விடுபடுகிறார்கள்? அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் கணக்குப்படி 2021-ல் அந்நாட்டில் 18 வயது நிரம்பியவர்களில் 38 சதவீதம் பேர், அதாவது 9 கோடியே 76 லட்சம் பேர், முன் நீரிழிவில் இருந்தார்கள். அவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு விஷயமே தெரியாது. இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய பெரும் ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானபோது சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, முன் நீரிழிவுக்காரர்கள் 13.6 கோடி என்று மதிப்பிடப்பட்டது. வாசலுக்கு வெளியே நிற்கும் கூட்டம் உள்ளே இருப்பதைவிடப் பெரியது.

இவர்களைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. முதலில் சில கேள்விகளும் இடுப்பளவும். அதில் மாட்டுகிறவர்களுக்கு ஆய்வகத்தில் முறையான ரத்தப் பரிசோதனை. நடைமுறையில் பார்த்தால் முதல் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம், இரண்டாவது படியைப் பாதியில் விடுகிறோம். விரலில் ஒரு குத்து, மீட்டரில் ஒரு எண், ‘நார்மல்தான்’ என்று ஒரு வார்த்தை, அதோடு ஐந்தாறு வருஷத்துக்கு அந்தப் பேச்சே கிடையாது. முதல் படி ஒரு சல்லடை. இரண்டாவது படிதான் தீர்ப்பு சொல்லும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் இரண்டாலும் பயனில்லை.

எந்த எண்ணிலிருந்து முன் நீரிழிவு?

இங்கேயே ஒரு சிக்கல். உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்றில் 110 முதல் 125 வரை இருந்தால்தான் கோளாறு என்கிறது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 2003-ல் கீழ் எல்லையை 100-க்கு இறக்கிவிட்டது. ஆக, 104 என்று ரிப்போர்ட் வந்தவர் ஒரு அமைப்பின் கணக்கில் முன் நீரிழிவுக்காரர், இன்னொன்றின் கணக்கில் ஆரோக்கியமானவர். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனையில் இருவருக்கும் ஒரே கோடுதான்: 140 முதல் 199 வரை. மூன்று மாத சராசரி என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி-யில் 5.7 முதல் 6.4 சதவீதம் வரை என்பது அமெரிக்கச் சங்கம் 2010-ல் வைத்த எல்லை. அதற்கு முந்தைய ஆண்டு கூடிய பன்னாட்டு வல்லுநர் குழு 6.0-விலிருந்து தொடங்கலாம் என்றது. உலக சுகாதார நிறுவனம் முன் நீரிழிவுக்கு ஹெச்பிஏ1சி எல்லை எதையும் வகுக்கவில்லை.

இந்த முரண்பாட்டைப் பார்த்து இதெல்லாம் மருந்து வியாபாரம் என்று கையை உதறுகிறவர்கள் உண்டு. சர்க்கரை ஏற ஏற ஆபத்தும் படிப்படியாகத்தான் ஏறுகிறது. நடுவில் ஒரு சுவர் இல்லை. சுவர் இல்லாத இடத்தில் எங்கே கோடு கிழித்தாலும் அது மனிதர்கள் கூடி எடுத்த முடிவுதான். 99-க்கும் 101-க்கும் உடம்பில் ஒரு வித்தியாசமும் கிடையாது என்பதை ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறுவதும், சாப்பிட்ட பின் ஏறுவதும் ஒரே கோளாறு இல்லை. இரவு முழுக்க நாம் எதுவும் சாப்பிடாதபோது ரத்தத்துக்குச் சர்க்கரை தருவது கல்லீரல். இன்சுலின் ‘போதும், நிறுத்து’ என்று சொல்லியும் கல்லீரல் கேட்காமல் விட்டுக்கொண்டே இருந்தால் காலையில் எண் கூடும். சாப்பிட்ட பின் வரும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியது தசை. அது வாங்க மறுத்தால் இரண்டு மணி நேரம் கழித்தும் எண் இறங்காது. ஒருவருக்கு முதலாவது மட்டும் கெட்டிருக்கலாம், இன்னொருவருக்கு இரண்டாவது மட்டும். வெறும் வயிற்றுப் பரிசோதனை மட்டும் செய்துகொண்ட இரண்டாமவர் ‘நார்மல்’ என்ற சீட்டோடு வீட்டுக்குப் போய்விடுவார்.

ஒரே பெண், மூன்று மதிப்பெண்

முதல் படிக்கு வருவோம். ரத்தம் எடுக்காமல், கேள்விகளை மட்டும் வைத்து ஆபத்தைக் கணிக்கும் மதிப்பெண் முறைகள் பல இருக்கின்றன. அதிகம் புழங்குபவை மூன்று. ஃபின்லாந்தில் யானா லிண்ட்ஸ்ட்ரோமும் யாக்கோ துவோமிலெஹ்தோவும் 2003-ல் வெளியிட்ட ‘ஃபின்ட்ரிஸ்க்’. சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழு 2005-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண், சுருக்கமாக ஐ.டி.ஆர்.எஸ். மூன்றாவது, அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் ஏழு கேள்வித் தாள். மூன்றும் ஏறக்குறைய ஒரே விஷயங்களைத்தான் கேட்கின்றன: வயது, எடை அல்லது இடுப்பு, உடலுழைப்பு, குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா. ஃபின்ட்ரிஸ்க் கூடுதலாக ரத்த அழுத்த மாத்திரை, தினமும் காய்கறி பழம், முன்பு எப்போதாவது சர்க்கரை கூடியிருந்ததா என்பதையும் கேட்கும். அமெரிக்கத் தாள் ஆணா பெண்ணா என்பதையும், ரத்த அழுத்தத்தையும், கர்ப்ப கால சர்க்கரையையும் சேர்த்துக்கொள்ளும்.

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 47. உட்கார்ந்தே பார்க்கிற வேலை, உடற்பயிற்சி கிடையாது. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ 26, இடுப்பு 86 செ.மீ. அம்மாவுக்குச் சர்க்கரை, அப்பாவுக்கு இல்லை. ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, தினமும் காய்கறி சாப்பிடுகிறார். சர்க்கரை கூடியிருப்பதாக யாரும் இதுவரை சொன்னதில்லை.

ஃபின்ட்ரிஸ்க் கணக்கில் வயதுக்கு 2, பி.எம்.ஐ-க்கு 1, இடுப்புக்கு 3, அசையாமல் இருப்பதற்கு 2, அம்மாவுக்காக 5. மொத்தம் 26-க்கு 13. ‘மிதமான ஆபத்து’ என்று பெயர். இந்த மதிப்பெண் பெறும் ஆறு பேரில் ஒருவருக்குப் பத்தாண்டில் சர்க்கரை நோய் வரும் என்று அந்தத் தாள் சொல்லும்.

ஐ.டி.ஆர்.எஸ்-இல் வயதுக்கு 20, இடுப்புக்கு 10, உடலுழைப்பு இல்லாததற்கு 30, பெற்றோரில் ஒருவருக்கு இருப்பதால் 10. மொத்தம் நூற்றுக்கு 70. அறுபதைத் தொட்டாலே ‘அதிக ஆபத்து’ என்பதால் இவர் உடனே ரத்தம் கொடுக்க வேண்டியவர்.

அமெரிக்கத் தாளில் வயதுக்கு 1, குடும்பத்துக்கு 1, உழைப்பின்மைக்கு 1, எடைக்கு 1. மொத்தம் 4. ஐந்து வாங்கினால்தான் அங்கே மணி அடிக்கும். இவர் ஒரு மதிப்பெண்ணில் தப்பிவிட்டார்.

ஆள் ஒருவர்தான். ஒரு தாள் எச்சரிக்கிறது, ஒன்று தயங்குகிறது, ஒன்று வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது. எந்தத் தாளும் தப்பில்லை. ஒவ்வொன்றும் வேறொரு மக்கள்கூட்டத்தைப் பார்த்து, வேறொரு கேள்விக்காகத் தயாரானது. ஃபின்ட்ரிஸ்க் எதிர்காலத்தைக் கணிக்கிறது: பின்னாளில் மருந்து எடுக்கும் அளவுக்கு யாருக்குச் சர்க்கரை வந்தது என்று ஃபின்லாந்துக்காரர்களைப் பத்தாண்டு பின்தொடர்ந்து உருவாக்கியது. ஐ.டி.ஆர்.எஸ் இன்றைக்கே உள்ளே ஒளிந்திருக்கும் சர்க்கரை நோயைத் தேடுகிறது. தெற்காசியர்களுக்கு ஒல்லியான உடம்பிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதால், பி.எம்.ஐ-யைக் கேட்காமல் இடுப்பை மட்டும் கேட்கிறது. ஆசிய மக்களுக்கு பி.எம்.ஐ 23-லிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-லேயே எழுதியது. நம் கற்பனைப் பெண் தெற்காசியராக இருந்தால் நான் ஐ.டி.ஆர்.எஸ் சொல்வதைத்தான் நம்புவேன். யாராக இருந்தாலும், கோட்டுக்கு ஒரு மதிப்பெண் கீழே நிற்பதை நிம்மதிக்குக் காரணமாகக் கொள்ள மாட்டேன்.

இவருக்குக் கர்ப்ப காலத்தில் சர்க்கரை கூடியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரசவத்தோடு அது சரியாகிப்போனது, இருபது வருஷமாயிற்று, அவருக்கு நினைவே இல்லை. நினைவுபடுத்திக் கேட்டிருந்தால் அமெரிக்கத் தாளில் 5 ஆகி எல்லையைத் தொட்டிருப்பார். ஃபின்ட்ரிஸ்க்கில் 18 ஆகியிருக்கும். அது மூன்றில் ஒருவருக்கு வரும் என்ற வரிசை. கேள்வி கேட்பவர் ‘உங்களுக்கு சுகர் உண்டா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். ‘கர்ப்பமாக இருந்தபோது சர்க்கரைக்காகச் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார்களா, ஊசி போட்டார்களா?’ என்று கேட்டால் பதில் மாறும். தாள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கேட்கிற விதத்தில்தான் பாதி இருக்கிறது.

சல்லடையில் ஓட்டை இருக்கும். ஐ.டி.ஆர்.எஸ்-இல் 60 என்ற எல்லையை வைத்தபோது, சர்க்கரை நோய் இருந்தும் அறியாதவர்களில் நூற்றுக்கு 72 பேர் பிடிபட்டார்கள். நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு 40 பேரும் சேர்ந்து மாட்டினார்கள். செலவில்லாத ஒரு சல்லடைக்கு இது மோசமில்லை. மாட்டிய எல்லோரும் நோயாளி என்று யாராவது சொன்னால்தான் தவறு.

இடுப்பளவில் நடக்கும் கூத்தையும் சொல்லிவிட வேண்டும். கேட்டால் ஆண்கள் பேண்ட் சைஸைச் சொல்வார்கள். தொப்பைக்குக் கீழே பெல்ட் போடுகிறவருக்கு அந்த எண் பத்து வருஷமாக மாறியிருக்காது; தொப்பை மட்டும் மாறியிருக்கும். கடைசி விலா எலும்பின் அடிப்பகுதியை விரலால் தொட்டுப் பாருங்கள், இடுப்பு எலும்பின் மேல்விளிம்பையும் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே, தரைக்கு இணையாக நாடாவைச் சுற்ற வேண்டும். மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளந்தால் நாடாவை ஏமாற்றியதுதான் மிச்சம். அட்டவணை எதுவும் கையில் இல்லையென்றால், இடுப்பு உயரத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்ற ஒரே விதி போதும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-ல் இதையே பரிந்துரைத்தது.

தாள் கேட்காத ஒன்றைக் கண்ணாடி காட்டும். கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் கறுத்து, தடவினால் வெல்வெட் துணி மாதிரி தடித்திருந்தால் அது பல நேரங்களில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பவர்களும், க்ரீம் தடவுபவர்களும்தான் அதிகம். சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்களும், ஸ்டீராய்டு அல்லது சில மனநல மருந்துகளை நீண்ட நாள் எடுப்பவர்களும் மதிப்பெண்ணுக்குக் காத்திராமல் ரத்தம் பார்த்துக்கொள்ளலாம்.

ரத்தத்துக்கு வந்தபின்

குளுக்கோமீட்டர் நல்ல கருவிதான். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர் தினசரி ஏற்ற இறக்கம் பார்க்க அதைவிட வசதியானது இல்லை. முன் நீரிழிவைக் கண்டுபிடிக்க மட்டும் அது ஆகாது. ஐ.எஸ்.ஓ 15197 என்ற 2013-ஆம் ஆண்டுத் தர விதிப்படி, நூறுக்கு மேற்பட்ட அளவுகளில் மீட்டர் காட்டும் எண் 15 சதவீதம் முன்பின் இருக்கலாம். நூறுக்குக் கீழே என்றால் 15 மில்லிகிராம். நூறு முறை அளந்தால் 95 முறை இந்த வரம்புக்குள் வந்தால் அந்த மீட்டர் பாஸ். இப்போது உண்மையில் 110 உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தரமான மீட்டரே 94 காட்டலாம், 126-உம் காட்டலாம். முதல் எண் ஆரோக்கியம் என்கிறது, இரண்டாவது எண் சர்க்கரை நோய் என்கிறது. நாம் தேடும் முன் நீரிழிவோ 100-க்கும் 125-க்கும் இடையில் உள்ள குறுகலான இடம். மீட்டருக்கு அனுமதித்த பிழையே அந்த இடத்தைவிட அகலம். முகாம்களில் வெறும் வயிறா இல்லையா என்றுகூடக் கேட்காமல் குத்திச் சொல்லும் எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அது 200-ஐத் தாண்டினால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். மற்றபடி நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை.

எனவே கை நரம்பிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் அளந்த எண்தான் வேண்டும். அங்கேயும் யாரும் பேசாத ஒரு ஓட்டை உண்டு. குழாயில் பிடித்த ரத்தத்தில் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. பிரித்தெடுக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை எண் குறையும். 106 உள்ளவரின் குழாய் இரண்டு மணி நேரம் மேசையில் காத்திருந்தால் ரிப்போர்ட்டில் 92 முதல் 96-க்குள் ஏதோ ஒன்று வரும். சாம்பல் நிற மூடி போட்ட ஃப்ளோரைடு குழாய் இதைத் தடுப்பதற்காக வந்ததுதான். ஆனால் ஃப்ளோரைடு உடனே வேலை செய்யாது. முதல் ஓரிரு மணி நேரம் இழப்பு நடந்துகொண்டேதான் இருக்கும். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து, பத்து வீடு சுற்றி, பிறகு ஆய்வகம் போகிற முறையில் எல்லையோரத்து ஆட்கள்தான் முதலில் காணாமல் போவார்கள். ஐஸில் வைக்கிறீர்களா, எத்தனை நேரத்தில் பிரிப்பீர்கள் என்று கேட்பதில் தப்பில்லை. எரிச்சலாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

குழாய் சரியாக இருந்தாலும் நேற்றைய எண் இன்றைக்கு அப்படியே வராது. தூக்கம், மனக்கலக்கம், முந்தின இரவுச் சாப்பாடு எல்லாம் சேர்ந்து நாளுக்கு நாள் ஐந்து சதவீதம் போல ஆட்டம் காட்டும். குறைந்தது எட்டு மணி நேரப் பட்டினி என்பதும் கண்டிப்பான விதி. சர்க்கரை போடாத காபியானாலும் விதிமீறல்தான், தண்ணீர் மட்டும் குடிக்கலாம்.

பட்டினி வேண்டாத பரிசோதனை ஹெச்பிஏ1சி. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும், அந்தக் காலம் முழுக்க அதன் மேல் ஒட்டிய சர்க்கரையின் கணக்கு இது. ஒரு நாள் பட்டினி கிடந்தோ ஒரு வாரம் ஒழுங்காக இருந்தோ இதை ஏமாற்ற முடியாது. ஆனால் சிவப்பணுவே சரியில்லை என்றால் கணக்கும் சரியிருக்காது. இரும்புச்சத்து குறைந்தால் பழைய அணுக்கள் அதிக நாள் தங்கும், எண் பொய்யாக ஏறும். ரத்தம் இழந்திருந்தாலோ, அணுக்கள் சீக்கிரம் உடையும் கோளாறு இருந்தாலோ எண் பொய்யாக இறங்கும். பரம்பரை ஹீமோகுளோபின் மாற்றங்கள் சில கருவிகளைக் குழப்பும். மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகும் ஒரு பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குறைவும் இருக்கும், ரத்த இழப்பும் இருக்கும், 5.9 என்ற எண் அவருக்கு எதைச் சொல்கிறது என்பதை ஹீமோகுளோபினைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. ஹெச்பிஏ1சி எழுதும்போதே ரத்தசோகைக்கும் சேர்த்து எழுதுகிற மருத்துவர் விவரமானவர்.

இந்த இரண்டும் எவ்வளவு பிடிக்கின்றன? பி.எம்.ஜே மருத்துவ இதழில் 2017-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு இதைக் கணக்குப் போட்டது. குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனையை உரைகல்லாக வைத்துப் பார்த்ததில், கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு 49 பேரை ஹெச்பிஏ1சி பிடித்தது. வெறும் வயிற்றுப் பரிசோதனை பிடித்தது 25 பேரைத்தான். கல்லீரல், தசை என்று முன்னால் சொன்ன வித்தியாசத்தின் விலை இது. ‘ஃபாஸ்டிங் 92, எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்கிறவர்களிடம் இந்த 25-ஐத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குளுக்கோஸ் பரிசோதனைதான் தீர்மானமானது என்றால் எல்லோருக்கும் அதையே செய்தால் என்ன? வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம், பிறகு 75 கிராம் குளுக்கோஸை 250 முதல் 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். சிலருக்குக் குமட்டும். இரண்டு மணி நேரம் நடமாடாமல், புகைக்காமல் உட்கார்ந்திருந்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். அரை நாள் போய்விடும். அதற்கு முன் மூன்று நாளாவது தினம் 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியாது. ரிப்போர்ட் நன்றாக வரவேண்டும் என்று நான்கு நாள் மாவுச்சத்தையே தொடாமல் போகிறவருக்கு எண் கூடுதலாகவே வரும். பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2024-ல் ஒரு மணி நேரத்திலேயே பார்த்து, 155-ஐத் தொட்டால் இடைநிலைக் கோளாறு, அதாவது முன் நீரிழிவு என்று எடுத்துக்கொள்ளலாம் என்றது. காத்திருக்கும் நேரம் பாதியாகிறது. பழக்கத்துக்கு வந்தால் நல்லது.

அதுவரை செய்யக்கூடியது இது. கேள்வித்தாளில் மாட்டியவர்கள் வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். இரண்டும் எல்லைக்கு வெகு கீழே இருந்தால் விட்டுவிடலாம். ஒன்று எல்லையை உரசினாலோ, இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக வந்தாலோ, மதிப்பெண் மிக அதிகமாக இருந்தாலோ அரை நாளை ஒதுக்கிக் குளுக்கோஸ் பரிசோதனை செய்துகொள்ளலாம். காய்ச்சலில் இருக்கும்போதும், அறுவை சிகிச்சை முடிந்த கையோடும், குறுகிய காலத்துக்கு ஸ்டீராய்டு எடுக்கும்போதும் பார்க்க வேண்டாம். சர்க்கரை நோய் என்ற அளவுக்கே எண் வந்துவிட்டால், அறிகுறி இல்லாதவரை இரண்டாவது பரிசோதனையில் உறுதி செய்யாமல் முத்திரை குத்தக்கூடாது.

எந்த வயதில் ஆரம்பிப்பது? அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் குழு 2021-ல் எடை கூடியவர்களுக்கு 35 முதல் 70 வயது வரை என்றது. முன்பு 40 என்றிருந்ததை ஐந்து வருஷம் முன்னே கொண்டுவந்தது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் எடையைப் பார்க்காமல் எல்லோருக்கும் 35 என்கிறது. எடை கூடி, கூடவே வேறு ஆபத்துக் காரணமும் இருந்தால் அதற்கு முன்பே. சரியாக வந்தால் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, முன் நீரிழிவு என்றால் ஆண்டுக்கு ஒரு முறை.

தெரிந்து என்ன பயன்?

பிடிபட்டவருக்குச் செய்ய எதுவும் இல்லையென்றால் இவ்வளவு சல்லடையும் வீண். செய்ய இருக்கிறது என்று காட்டியவர்கள் சீனாவின் டாசிங் நகரத்துக்காரர்கள். 1986-ல் 33 சுகாதார மையங்களில் 1,10,660 பேரைச் சலித்து, சாப்பிட்ட பின் சர்க்கரை கூடும் 577 பேரைத் தேர்ந்து, ஒரு பிரிவை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டு, மற்றவர்களை ஆறு ஆண்டு உணவு, உடற்பயிற்சி என்று நடத்தினார்கள். முப்பது ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்த மற்றவர்களுக்குச் சர்க்கரை நோய் ஏறக்குறைய நான்கு ஆண்டு தள்ளிப்போயிருந்தது. இதயம், மூளை ரத்தக்குழாய் நோய்களும் கால் பங்குக்குச் சற்று மேலே குறைந்திருந்தன. ஃபின்லாந்தின் ஆய்வும் அமெரிக்காவின் 3,234 பேர் கொண்ட ஆய்வும் 2001, 2002-ல் அடுத்தடுத்து ஒரே எண்ணைச் சொல்லின: சர்க்கரை நோய் வருவதில் 58 சதவீதக் குறைவு. அமெரிக்க ஆய்வில் இலக்கு உடல் எடையில் 7 சதவீதம், வாரம் 150 நிமிட நடை. 80 கிலோ உள்ளவருக்கு ஐந்தரைக் கிலோ. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் கொடுத்தவர்களுக்கு 31 சதவீதம்தான்.

இந்தியாவில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வு வேறொரு விதத்தில் முக்கியமானது. எந்தத் தலையீடும் இல்லாத பிரிவில் மூன்றே ஆண்டில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளி ஆனார்கள். அமெரிக்க ஆய்வில் இதே மாதிரிப் பிரிவில் ஆண்டுக்கு 11 சதவீதம்தான். இந்தியர்களுக்குத் தாமதிக்க நேரமில்லை. நடை, உணவு மாற்றத்தால் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது, அதுவும் எடை பெரிதாக இறங்காமலேயே. கிலோ குறையவில்லையே என்று மூன்றாம் மாதமே கைவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மறுபக்கமும் உண்டு. பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் பகுதியில் ஆபத்து அதிகமுள்ள இருபதாயிரம் பேரை எடுத்து, சில மருத்துவமனைகளில் சர்க்கரை நோய்க்கு அழைத்துப் பரிசோதித்தார்கள், சிலவற்றில் அழைக்கவில்லை. ஏறக்குறைய பத்தாண்டு கழித்து, 2012-ல் முடிவு வந்தபோது இரு தரப்பிலும் இறப்பு விகிதத்தில் வித்தியாசம் இல்லை. அது சர்க்கரை நோய்க்கான தேடல், முன் நீரிழிவுக்கானது இல்லை. பிடிபட்டவர்களும் நூற்றில் சிலரே. இருந்தாலும், மொத்தமாகக் கூட்டி வந்து ரத்தம் எடுத்தாலே உயிர்கள் பிழைக்கும் என்று யாரும் மார்தட்ட முடியாதபடி செய்தது அந்த ஆய்வு. டாசிங்கில் பலன் தந்தது ஆறு ஆண்டுத் தொடர் கவனிப்பு. தொடர்ந்து கவனிக்க ஆளில்லாத முகாம் எத்தனை ஆயிரம் பேரைப் பரிசோதித்தது என்ற எண்ணை எனக்கு வியந்து பார்க்கத் தோன்றுவதில்லை.

வயதும் கணக்கை மாற்றும். அமெரிக்காவில் சராசரியாக 75 வயதைத் தாண்டியவர்களை ஆறரை ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2021-ல் வெளியானது. ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்த முதியவர்களில் 9 சதவீதம் பேர்தான் சர்க்கரை நோயாளி ஆனார்கள். 13 சதவீதம் பேருக்கு எண் தானாக நார்மலுக்குத் திரும்பியது. அந்த வயதில் 5.8 என்று வந்ததற்காகச் சாப்பாட்டைப் பாதியாக்கி, தசை கரைந்து, நடையில் தடுமாறி விழுவது சர்க்கரையைவிடப் பெரிய ஆபத்து. வருஷத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும். அதே 5.8 முப்பத்தெட்டு வயதுக்காரருக்கு, பெற்றோர் இருவருக்கும் சர்க்கரை, உயரத்தில் பாதிக்கு மேல் இடுப்பு, கழுத்தில் கறுப்பு என்ற நிலையில் வந்தால், அவர் அடுத்த வாரமே அந்த 75 கிராம் குளுக்கோஸைக் குடித்துப் பார்த்துவிட வேண்டும்.